குழி பறித்தது குதிரையா?

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது நம் நாட்டுப் பழமொழி. பட்ட துன்பத்தின்மேல் மற்றொரு துன்பம் வந்து சேரும்போது இதனைச் சொல்கிறோம். சொல்லும்போதே பழி முழுவதையும் வாயில்லாத ஒரு பிராணியின்மீது சுமத்திவிடுகிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. குதிரை தள்ளியது உண்மையாக இருக்கலாம். குழியைப் பறித்தவர் யார்? இக்கேள்விக்கு வரலாறும் நம் மார்க்கச் சட்டமும் தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னை மாநகருக்குக் குதிரை அந்நியமான பிராணியன்று. தியாகராய நகரிலிருந்து ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலை நோக்கிச் செல்வோர், அண்ணா மேம்பாலத்தின் அருகே, திமிறும் குதிரையை ஒரு மனிதன் அடக்கிப் பிடித்து நிற்கும் சிலையைக் கண்டிருப்பர். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டதன் நினைவாக எழுந்தது அச்சிலை. பந்தயம் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே குதிரைகள் ஓடிய கிண்டித் திடலின் குத்தகையை முடிவுக்குக் கொண்டுவரும் ஆணையை அரசு 2024 செப்டம்பரில் பிறப்பித்தது. பந்தயத் திடலுக்கு வெளியேயும் குதிரைகள் நிறைந்திருந்த நகரம் இது. சேப்பாக்கத்து நவாபுகளின் அரண்மனையில் லாயங்கள் இருந்தன. மயிலாப்பூரிலும் இராயப்பேட்டையிலும் ஜட்கா வண்டிகள் வரிசையாக நின்ற காலத்தை முதியோர் மறந்திலர்.

இன்று அவை மறைந்துவிட்டன. மெரினாவிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் குதிரைகளும், திருமண ஊர்வலக் குதிரைகளும், காவல்துறையின் குதிரைகளுமே நம் கண்ணில் படுகின்றன. குதிரைகள் குறைந்ததோடு குதிரையை அறிந்தோரும் குறைந்துவிட்டனர். ஆகவே, ஏதேனும் ஓர் ஆபத்து நேரும்போது, ‘யாரும் எதிர்பாராத விபத்து, விதி’ என்று கூறி அமைந்துவிடுகிறோம்.

ஜட்காவில் ஏறியோர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. அவ்வண்டிக்கு இரண்டே சக்கரங்கள். பயணிகள் பின்பக்கமாகச் சாய்ந்து அமர்ந்தால் ஏர்க்கால்கள் மேலெழும்; வயிற்றுப் பட்டையால் பிணைக்கப்பட்ட குதிரையின் முன்னங்கால்கள் தரையை விட்டு உயரும்; வண்டி குடை சாயும். காண்போருக்கு இது வேடிக்கையான விபத்து. வண்டிக்காரருக்கோ அது விபத்தே அன்று. முன்பாரம், பின்பாரம் என்னும் இரண்டு சொற்களில் அவர் அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் அடக்கி வைத்திருந்தார். ‘சற்று முன்னால் தள்ளி அமருங்கள்’ என்று அவர் சொன்னது பயணியின் உயிரையும் குதிரையின் உயிரையும் காத்த சொல்லாகும். அறியாதவனுக்கு விதியாகத் தோன்றுவது அறிந்தவனுக்குக் கணக்காகத் தோன்றுகிறது. இவ்வுண்மை பெரிய அளவில் மறக்கப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதற்கு நம் தமிழகக் கடற்கரையே சான்று.

காயலில் இறங்கிய குதிரைகள்

13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டிய நாட்டை ஆண்ட மாறவர்மன் குலசேகரனின் காலத்தில், தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்தில் இருந்த காயல் துறைமுகத்திற்கு அரபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்தன. கீஷ் தீவின் தலைவராயிருந்த மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், ஆண்டுதோறும் 1400 குதிரைகளை அனுப்புவதென ஒப்பந்தம் செய்திருந்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தீனார் விலை. அவ்வகையில் ஆண்டொன்றுக்கு 3,08,000 தீனார் ஆகிறது. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனிடம் அமைச்சராக இருந்து காயல் முதலிய துறைமுகங்களைக் கவனித்து வந்தார். இராவுத்தர் என்று நம் சமுதாயத்தில் ஒரு பிரிவினர் வழங்கப்படுவதே குதிரை வீரர் என்னும் பொருளில்தான். குதிரையின் வரலாறு நம்முடைய வரலாறும் ஆகும்.

இத்துணைப் பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் என்னவாயின? 1290-களில் இக்கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, மன்னன் ஆண்டுக்கு 2000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் குறிப்பிடுகிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம், செய்தியில் ஐயமில்லை. காரணத்தையும் அவர் சொல்கிறார். இந்நாட்டில் குதிரை மருத்துவம் அறிந்தவரோ லாடம் கட்டுபவரோ இல்லை. குதிரை விற்கும் வணிகர்கள் அத்தகையோரை உடன் அழைத்து வருவதுமில்லை, வரவிடுவதுமில்லை. குதிரைகள் மாண்டால்தானே மறு ஆண்டும் விற்பனை நடக்கும் என்பது அவர் கூறும் குற்றச்சாட்டு. வேகவைத்த இறைச்சியையும் சோற்றையும் இங்குள்ளோர் குதிரைக்குத் தீனியாக இட்டனர் என்றும் அவர் எழுதுகிறார்.

வஸ்ஸாஃபின் குற்றச்சாட்டு வேறு திசையில் செல்கிறது. வந்திறங்கிய குதிரைகளுக்கு வறுத்த தானியங்களை நெய்யூட்டிக் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலையும் புகட்டி, கயிற்றாலும் முளையாலும் பிணைத்து நாற்பது நாட்கள் லாயத்திலேயே நிறுத்தி வைப்பார்களாம். அவை கொழுத்த பின்னர், பழக்குதலின்றி, அங்கவடி முதலிய சாதனங்களுமின்றி, வீரர்கள் அவற்றின்மேல் ஏறி மூர்க்கமாக விரட்டுவார்களாம். மிக வேகமுள்ள குதிரைகளும் சில நாட்களிலேயே தளர்ந்து பயனற்றுப் போகும் என்கிறார் அவர்.

ஒருவர் விற்றவரைப் பழிக்கிறார். மற்றவர் வாங்கியவரைப் பழிக்கிறார். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே உண்மை விளங்குகிறது.

இன்றைய கால்நடை மருத்துவ அறிவு இவ்விரு குறிப்புகளையும் நன்கு விளக்குகிறது. குதிரையின் உடல் பெரிது, இரைப்பை சிறிது. உண்டதை வாந்தியாக வெளியேற்றும் ஆற்றல் அதற்கில்லை. நாள் முழுதும் சிறிது சிறிதாகப் புல் மேயவே அது படைக்கப்பட்டுள்ளது. மாவுச்சத்து மிகுந்த தீனியைத் திடீரென்று மிகுதியாக இட்டால் குடலில் அது புளித்து வயிற்று வலியை உண்டாக்குகிறது; குளம்பினுள்ளும் அழற்சி தோன்றிக் குதிரை நிற்கவும் முடியாமற் போகிறது. நன்றாகத் தின்றுவிட்டு அசைவின்றி நின்ற குதிரையைத் திடீரென்று விரட்டினால் தசைகள் இறுகிச் சிதைந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறி, அது சாய்ந்துவிடுவதும் உண்டு. ஐரோப்பாவில் ஞாயிறன்று ஓய்வும் முழுத் தீனியும் பெற்ற வண்டிக் குதிரைகள் மறுநாள் காலையில் இவ்வாறு விழுந்தமையால், இதனைத் திங்கட்கிழமை நோய் என்றே அழைத்தனர். அங்கே ஒருநாள் ஓய்வின் விளைவு அது. காயலில் வந்திறங்கிய குதிரைகளுக்கோ நாற்பது நாட்கள் அந்நிலை. ஓடும்போது குதிரை திடீரென வீழ்ந்து வீரனும் மாண்டால், போர்க்களத்தில் அதனைக் கெட்ட சகுனம் என்றிருப்பார்கள். ஆனால் அவ்விபத்து லாயத்திலேயே நாற்பது நாட்களாக உருவாகிக்கொண்டிருந்தது.

இங்கே நம் முன்னோரையும் நாம் விலக்கிவிட்டுப் பேசுவதற்கில்லை. குதிரைகள் வழியில் மாண்டாலும் அவற்றின் விலையைப் பாண்டியன் கருவூலம் கொடுத்தாக வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகளுள் ஒன்று. விற்ற பொருள் வாங்கியவரின் கைக்கு வந்து சேருமுன் அழிந்தால் அந்நட்டம் விற்றவரையே சாரும் என்பது ஃபிக்ஹு நூல்களின் பொதுவிதி. வாங்குபவரின் பிரதிநிதி கீஷிலேயே பெற்றுக்கொண்டதாகக் கருதினால் விதி காப்பாற்றப்பட்டதாகலாம். அங்கே விற்றவர் ஒரு சகோதரர். இங்கே பெற்றுக்கொள்ளும் அமைச்சர் மற்றொரு சகோதரர். விதியின் எழுத்து நின்றிருக்கலாம். அதன் உயிர் நின்றதா என்பதைக் கற்றோர் சிந்திக்கட்டும். இறந்த குதிரைக்கும் விலை உண்டு என்றான பின், குதிரையை உயிரோடு காப்பதில் விற்பவருக்கு என்ன அக்கறை இருக்க முடியும்?

அறிவு இல்லாமற் போனதா என்றால், இல்லை. அரபுலகில் குதிரை மருத்துவரை பைத்தார் என்பர். ஹிஜ்ரி 3-ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அகீ ஹிஸாம் என்பவர் அப்பாஸியர் ஆட்சியில் குதிரை வளர்ப்பையும் மருத்துவத்தையும் பற்றி நூல் இயற்றினார். எகிப்திய சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் லாயத்தில் மருத்துவராயிருந்த அபூபக்ர் இப்னு பத்ர் அல்பைத்தார், 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கலையின் பெருநூல் ஒன்றை எழுதினார். அறிவு அரபுலகில் இருந்தது. குதிரை கப்பலேறியது, அறிவு கப்பலேறவில்லை.

மதீனாவின் பந்தயத் திடல்

வஸ்ஸாஃப் வருணிக்கும் நாற்பது நாள் லாயத்தோடு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் நடத்திய குதிரை ஓட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். முறையாகத் தீனி குறைத்து, வியர்க்கச் செய்து, உடல் இறுகப் பழக்கிய குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை ஓடச் செய்தார்கள். அத்தொலைவு ஐந்து அல்லது ஆறு மைல் என்பது அறிவிப்பாளர் சுஃப்யானின் கணக்கு. பழக்கப்படாத குதிரைகளையோ ஸனிய்யாவிலிருந்து பனீ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஏறத்தாழ ஒரு மைல் மட்டுமே ஓட விட்டார்கள். சூதாட்டத்தின் சாயலே இல்லாத அவ்வோட்டத்தில் குதிரையின் தகுதிக்கேற்ற தொலைவு வரையறுக்கப்பட்டதைக் காண்கிறோம்.

அவ்வளவு கவனத்திற்குப் பின்னரும் எதிர்பாராதது நிகழ்ந்தது. அவ்வோட்டத்தில் கலந்துகொண்ட இப்னு உமர் (ரலி) அவர்களின் குதிரை, எல்லையில் நில்லாமல் அவர்களைச் சுமந்தபடியே பள்ளிவாசலைத் தாண்டிப் பாய்ந்துவிட்டது. நாயகம் (ஸல்) அவர்களே ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்து வலப்புறம் காயமுற்று, அமர்ந்தபடியே தொழுகை நடத்தியதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். டில்லியின் முதல் சுல்தான் குத்புத்தீன் ஐபக், கி.பி. 1210-இல் லாகூரில் சௌகான் பந்தாட்டம் ஆடுகையில் குதிரையோடு வீழ்ந்து, சேணத்தின் முன்கொம்பு மார்பில் அழுந்தி உயிர் நீத்தார். போர்களில் வாளுக்குத் தப்பியவரை விளையாட்டுத் திடலில் சேணம் மாய்த்தது. ஆகவே எல்லா விபத்தையும் மனிதன் தடுத்துவிட முடியும் என்று நாம் சொல்ல வரவில்லை. தடுக்க முடிந்ததையும் முடியாததையும் பிரித்தறிய வேண்டும் என்பதே நம் வாதம்.

கழுத்துக் கயிறு

குதிரைகளைக் கட்டிப் பராமரியுங்கள், அவற்றின் நெற்றி மயிரையும் பின்புறத்தையும் தடவிக் கொடுங்கள், கழுத்தில் அணிவிக்கலாம், ஆனால் வில்லின் நாணை அணிவிக்காதீர்கள் என்னும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூத் நூலில் வருகிறது. கண்ணேறு கழியும் என்ற மூடநம்பிக்கையால் அரபிகள் நாணைக் கட்டினர்; அதனைத் தடுக்கவே இக்கட்டளை என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்து. கடுமையாக ஓடும்போது அந்த நாண் பிராணியின் கழுத்தை நெரித்துவிடும் என்பதால் தடுக்கப்பட்டது என்னும் மற்றொரு விளக்கம், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர் இமாம் முஹம்மது இப்னுல் ஹஸன் (ரஹ்) பெயரால் கூறப்படுகிறது.

இரண்டாம் விளக்கம் லாயத்தை அறிந்த ஒருவரின் விளக்கமாகத் தோன்றுகிறது. கழுத்துக் கயிறு ஓர் ஆணியில் மாட்டி, குதிரை மிரண்டு பின்னுக்கு இழுத்து, கயிறும் அறாமல் தலையும் விடுபடாமல் மூச்சடைத்து மாள்வது இன்றும் உலகெங்கும் லாயங்களில் நிகழும் விபத்தாகும். மிரளுதல் குதிரையின் இயல்பு. ஆணியும் அறாத கயிறும் மனிதனின் ஏற்பாடு. ஆபத்தை விலக்குமென்று தாயத்துக் கட்டிய கயிறே ஆபத்தாக முடிவதை என்னென்பது!

சிறு கல்லும் பெருங்கல்லும்

மர்கீனானி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 6-ஆம் நூற்றாண்டில் இயற்றிய ஹிதாயா, ஹனஃபி மத்ரஸாக்களில் இன்றும் ஓதப்படும் நூல். பிராணிகளால் விளையும் சேதத்திற்கு யார் ளமான், அதாவது பொறுப்பு, ஏற்க வேண்டும் என்பதை அது நுணுக்கமாக ஆராய்கிறது. ஏறிச் செல்பவன், பிராணி மிதித்ததற்கும் தலையால் மோதியதற்கும் கடித்ததற்கும் பொறுப்பாவான். ஏனெனில் அவை அவன் கண்முன் நிகழ்வன. ஓடும்போது பின்னங்காலால் உதைத்ததற்குப் பொறுப்பில்லை. முதுகின்மேல் இருப்பவன் அதைத் தடுக்க இயலாது. ஆனால் அவனே பிராணியைப் பொதுவழியில் நிறுத்தி வைத்திருந்தால், அந்த உதைக்கும் பொறுப்பாவான். நடக்கும் பிராணியின் உதையைத் தவிர்க்க இயலாவிட்டாலும், வழியில் நிறுத்துவதைத் தவிர்த்திருக்கலாம் அல்லவா?

அடுத்த சட்டம் மேலும் வியப்பானது. குளம்பு கிளப்பிய சிறு கல் ஒருவன் கண்ணில் பட்டு அது குருடானால், ஏறியவனுக்குப் பொறுப்பில்லை. பெருங்கல் பறந்து சென்று பட்டால் பொறுப்பு உண்டு. பிராணி நடந்தால் சிறு கல் தெறிக்கவே செய்யும். பெருங்கல் தெறிப்பதோ ஓட்டியவனின் முரட்டுத்தனத்தால் ஆவது. இவை அனைத்திற்கும் அளவுகோல் ஒன்றே: எச்சரிக்கையால் தவிர்க்கக்கூடியதா, இல்லையா என்பது.

கட்டறுத்துத் தானே ஓடிய பிராணி செய்த சேதத்தில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஹனஃபிகள் உரிமையாளனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கின்றனர். ஷாஃபிஈகள், பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரன் கடமை, இரவில் பிராணியைக் காப்பது அதன் உரிமையாளன் கடமை என்னும் நபிவழித் தீர்ப்பைப் பின்பற்றி, இரவில் விளைந்த சேதத்திற்கு அவனைப் பொறுப்பாக்குகின்றனர். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் வைக்க வேண்டும் என்னும் நபிமொழியை நாம் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். எப்படிக் கட்ட வேண்டும் என்று கேட்டவர்களே ஃபிக்ஹு வல்லுநர்கள்.

நம் இல்லத் திருமணங்களில்

இனி நம் காலத்திற்கு வருவோம். மணமகனைக் குதிரையில் ஏற்றி ஊர்வலமாக அழைத்து வரும் வழக்கம் நம் குடும்பங்கள் சிலவற்றில் இன்னும் உண்டு. வாடகைக்குக் குதிரை வருகிறது. பின்னால் பேண்டு வாத்தியம் முழங்குகிறது. தெருமுனையில் குதிரையை நிறுத்திவிட்டு அதன் காலடியிலேயே வெடிகளைக் கொளுத்துகிறார்கள். சிறுவர்கள் அதன் பின்புறம் சென்று வாலைத் தொடுகிறார்கள். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை. தனக்கு நேர் பின்னே நிற்பதை அதனால் காண முடியாது. காணாத ஒன்று தீண்டினால் அது உதைக்கும். உதைத்த பின் அதனை வெறிபிடித்த குதிரை என்கிறோம். ஹிதாயாவின் அளவுகோலால் அளந்தால், பொதுவழியில் நிறுத்தியவர் நாம். வெடி கொளுத்தியவரும் நாம்.

குதிரையை அழைக்கும் குடும்பத்தார் சிலவற்றையேனும் கவனித்தல் வேண்டும். வெடியும் குதிரையும் ஒரே ஊர்வலத்தில் கூடா. கடிவாளத்தைப் பிடித்து நடக்கும் பழகிய ஆள் ஒருவர் குதிரையின் பக்கத்தை விட்டு அகலலாகாது. குழந்தைகளைப் பின்புறம் செல்லவிடாமல், தோளருகே, குரல் கொடுத்தபடி அணுகக் கற்பிக்க வேண்டும். குதிரையைக் கட்டினால், தலை உயரத்தில், கால் சிக்காத அளவு குறுகிய கயிற்றில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சிட்டுக் கட்டுதல் வேண்டும். விருந்தில் மிஞ்சிய பிரியாணியையும் இனிப்பையும் அன்பின் மிகுதியால் அதன் முன் வைக்கலாகாது. காயல் துறையில் சோறு தின்ற குதிரைகளின் முடிவை நாம் படித்தோம். நீரும் நிழலும் கொடுத்தால் போதும்.

கடற்கரையில் பிள்ளைகளைக் குதிரையேற்றும் பெற்றோர், முதலில் அதன் முதுகையும் கால்களையும் நோக்கட்டும். சேணம் அறுத்த புண்ணோ நொண்டலோ இருந்தால், ஏற்றாமல் திரும்பிவிடுதலே நன்று. வலியோடு நிற்கும் பிராணி எப்போது துள்ளும் என்று யாராலும் கூற முடியாது. காசு கொடுப்பவர் நலிந்த குதிரையை ஏற்க மறுத்தால், அதனைப் பேணுவதில் உரிமையாளருக்கும் அக்கறை பிறக்கும். கீஷ் ஒப்பந்தத்தில் இல்லாமற்போன நிபந்தனை அதுவே.

ஆத்தியாத் அத்தியாயத்தில் விரைந்தோடும் குதிரைகளின்மீது சத்தியமிட்டே இறைவன் மனிதனின் நன்றி மறந்த தன்மையை எடுத்துரைக்கிறான். இவ்விரண்டும் ஒரே அத்தியாயத்தில் அமைந்திருப்பதை ஓதுவோர் எண்ணிப் பார்ப்பாராக. நம் பொறுப்பில் விடப்பட்ட வாயில்லா ஜீவன் ஒரு அமானத் ஆகும். அதனைக் குறித்தும் நாளை நாம் கேட்கப்படுவோம். காக்க முடிந்தவற்றைக் காத்துவிட்டு, காக்க முடியாதவற்றை அவனிடம் ஒப்படைக்கும் நல்லறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.